பிரீகாஸ்ட் விடுதி: ஒப்பந்ததாரரை எப்போது அழைப்பது?

கேள்வி: கோவை மாவட்டத்தில் எங்கள் கல்வி அறக்கட்டளை ஒரு மகளிர் கல்லூரியை நடத்திவருகிறது. தரைத்தளமும் அதன்மேல் நான்கு தளங்களுமாக, குளியலறையுடன் கூடிய 120 அறைகள் கொண்ட மாணவியர் விடுதி கட்ட இருக்கிறோம். நடுவில் முற்றம், நான்கு பக்கமும் 3.45 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள அறைகள் என ஆர்க்கிடெக்ட் முதற்கட்ட வரைபடம் தந்திருக்கிறார். சுவர்களையும் தளங்களையும் தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து பொருத்தும் பிரீகாஸ்ட் முறையில் கட்டினால் அடுத்த கல்வியாண்டுக்குள் முடிக்கலாம் என்கிறார்கள். வடிவமைப்பு முழுவதும் முடிந்தபின் டெண்டர் விடுவதே முறை என்பது ஆர்க்கிடெக்டின் கருத்து. நாங்கள் விசாரித்த பிரீகாஸ்ட் நிறுவனமோ, இப்போதே தங்களை வடிவமைப்பில் சேர்க்க வேண்டும், பிறகு வந்தால் பயனில்லை என்கிறது. அப்படிச் சேர்த்துவிட்டால் அவர்கள் சொன்னதே விலையாகிவிடாதா, தணிக்கையில் கேள்வி எழாதா என்று அறங்காவலர்கள் தயங்குகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஆர்க்கிடெக்ட் சொல்வது செங்கல்லும் சென்ட்ரிங்குமாகக் கட்டும் கட்டடத்துக்குச் சரி. பிரீகாஸ்ட் கட்டடத்துக்கு அந்த வரிசை பொருந்தாது. நிறுவனம் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, ஆனால் அதில் அவர்களுடைய வியாபாரமும் கலந்திருக்கிறது. என் ஆலோசனை இது: வார்க்கவும் பொருத்தவும் தெரிந்த ஒரு நிறுவனத்தை இப்போதே வடிவமைப்புக் கூட்டங்களுக்கு அழையுங்கள், கட்டும் வேலையை மட்டும் இப்போது யாருக்கும் கொடுக்காதீர்கள். அவர்களுடைய யோசனைக்குத் தனி ஒப்பந்தம் போட்டு, தனிக் கட்டணம் கொடுத்து, பிறகு விலை ஒத்துவராவிட்டால் விலகும் உரிமையை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான கட்டுமானத்தில் வரைபடத்தில் விடுபட்டதைக் கட்டும் இடத்தில் சரிசெய்துகொள்ள நமக்கு வழி உண்டு. ஸ்விட்ச் போர்டு இடம் மாறினால் எலெக்ட்ரீஷியன் சுவரைக் கொத்திக் குழாயைப் புதைப்பார். பீம் குறுக்கே வந்தால் பிளம்பர் வேறு வழி பார்ப்பார். ஜன்னல் ஒரு சாண் தள்ளிப் போனாலும் கொத்தனார் சமாளித்துவிடுவார். இந்தச் சமாளிப்பை நம்பித்தான் நம் ஊரில் பல வரைபடங்கள் அரைகுறையாகவே டெண்டருக்குப் போகின்றன. தொழிற்சாலையில் வார்க்கும் சுவரிலோ மின்குழாய், ஸ்விட்ச் பெட்டி, தண்ணீர்க் குழாய்க்கான துளை, ஜன்னல் திறப்பு, கிரேன் தூக்குவதற்கான கொக்கி எல்லாமே கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அச்சுக்குள் தத்தம் இடத்தில் இருந்தாக வேண்டும். அச்சு தயாராகிவிட்டால் அதன்பின் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பணமும் நாளும் செலவாகும். வேலை நடக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கும் முடிவுகளில் பெரும்பகுதியை இங்கே வடிவமைப்பின்போதே எடுத்தாக வேண்டியிருக்கிறது. அதற்குத் தேவையான அறிவில் ஒரு பங்கு ஆர்க்கிடெக்டிடமோ கட்டமைப்புப் பொறியாளரிடமோ இல்லாமல், வார்ப்பவரிடமும் ஏற்றி வருபவரிடமும் தூக்கி நிறுத்துபவரிடமும் இருக்கிறது.

உங்கள் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். தளத்துக்குப் பெரும்பாலும் பயன்படுவது, உள்ளே நீளவாக்கில் வெற்றுக் குழல்கள் ஓடும் ஹாலோகோர் பலகை. அது வழக்கமாக 1.2 மீட்டர் அகலத்தில் வார்க்கப்படுகிறது. அறையின் நீளம் 5 மீட்டர் என்றால் நான்கு பலகைகள் போக 20 சென்டிமீட்டர் மிஞ்சும். அதற்காகப் பலகையை நீளவாக்கில் அறுக்க வேண்டும், அல்லது அந்த இடைவெளியை அங்கேயே கம்பி கட்டி கான்கிரீட் ஊற்றி அடைக்க வேண்டும். நீளத்தை 4.8 மீட்டராக்கினால் நான்கு பலகைகளோடு கணக்கு முடிகிறது. மாணவியருக்கு இதனால் பெரிய குறை ஒன்றும் வராது; ஆனால் ஒவ்வொரு தளத்திலும், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வேலை மிச்சமாகிறது. இன்னொன்று: 200 மில்லிமீட்டர் தடிமனுள்ள இத்தகைய பலகை, விடுதி அறைக்குரிய பாரத்துக்கு இரண்டு அறைகளின் அகலமாகிய 6.9 மீட்டரைத் தாங்கிக் கிடக்கக்கூடியது. அப்படியானால் ஒன்றுவிட்டு ஒரு சுவர் மட்டும் பாரம் தாங்கினால் போதும்; இடையிலுள்ளவை எடை குறைந்த பிளாக் சுவர்களாக இருக்கலாம். ஏற்றி வந்து தூக்கி நிறுத்த வேண்டிய கனமான சுவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகிவிடும். பலகை வார்ப்பவர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடக்கூடிய செய்தி இது. வடிவமைப்பு முடிந்து, திட்ட அனுமதியும் வாங்கியபின் அவர் இதைச் சொன்னால் யாருக்கும் பயனில்லை.

முற்றம் இதைவிடப் பெரிய விஷயம். கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 டன். 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 15 சென்டிமீட்டர் தடிமனும் உள்ள ஒரு சுவரின் எடை 6.75 டன் ஆகிறது. நூறு டன் கிரேன் என்று பெயர் இருந்தாலும், அந்த நூறு டன் திறன் அதன் உடலை ஒட்டிய சில மீட்டர்களுக்குள்தான் கிடைக்கும். கை நீள நீளத் தூக்கும் எடை மளமளவென்று குறையும். நான்கு பக்கமும் அடைபட்ட உங்கள் கட்டடத்தில் கிரேன் வெளியே நின்றால் முற்றத்தை ஒட்டிய சுவர்களுக்கு எட்டுவது கடினம். உள்ளே நின்று வேலை செய்தால், நான்காவது பக்கம் எழுந்ததும் அது வெளியே வர வழியிருக்காது. இதற்குத் தீர்வுகள் இல்லாமல் இல்லை. ஒரு பக்கத்தைக் கடைசியாக, வெளியிலிருந்தே நிறுத்தும்படி சிறு சுவர்களாகப் பிரிக்கலாம். அல்லது முற்றத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தே விடலாம். மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடுதிக்குள் தாராளமாக வரும் என்பது என் சொந்த விருப்பம்; அதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் ஆர்க்கிடெக்ட். கிரேன் எங்கே நிற்கும் என்ற கேள்வி அவர் முன் இன்றே வைக்கப்பட வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம்.

போக்குவரத்தும் அப்படித்தான். மோட்டார் வாகன விதிகளின்படி சரக்கு வாகனத்தின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 3 மீட்டர் உயரச் சுவரைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். தாழ்ந்த டிரெய்லரில் சாய்வுச் சட்டம் வைத்து நிறுத்தித்தான் கொண்டுவர வேண்டும். அப்போது மொத்த உயரம் நான்கு மீட்டரை நெருங்கும். வழியிலுள்ள ரயில்வே சுரங்கப்பாதையையும், ஊருக்குள் தாழத் தொங்கும் மின்கம்பியையும் யாராவது ஒருவர் போய் அளந்து பார்த்திருக்க வேண்டும். தொழிற்சாலை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது விலையையே மாற்றும்.

குளியலறையைப் பற்றி உங்கள் பிளம்பர் கட்டாயம் சண்டை போடுவார். தளத்தை 30 சென்டிமீட்டர் தாழ்த்தி, குழாய்களை அதில் கிடத்தி, மேலே செங்கல் துண்டுகளைப் போட்டு நிரப்பும் சங்கன் ஸ்லாப் முறையே நம் ஊர் வழக்கம். பிரீகாஸ்ட் தளத்தில் இந்தத் தாழ்வு அச்சையும் சிக்கலாக்கும், நீர்க்கசிவுக்கான மூட்டுகளையும் கூட்டும். குளியலறைப் பகுதிக்குத் துளைகளோடு வார்த்த கெட்டிப் பலகையைப் போட்டு, குழாய்களைக் கீழ்த்தளக் குளியலறையின் பொய்க்கூரைக்குள் தொங்கவிடுவதே நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக் குழாய் தன் வீட்டுக்குள் ஓடுவதைக் கீழ்வீட்டுக்காரர் ஏற்பதில்லை. விடுதியில் எல்லா அறைகளும் உங்களுடையவை என்பதால் அந்தத் தகராறுக்கே இடமில்லை. ஆனால் இதற்குத் தள உயரமும், செங்குத்துக் குழாய்களுக்கான பாதையும் முதலிலேயே ஒதுக்கப்பட வேண்டும். ஆகவே பிரீகாஸ்ட் நிறுவனத்தோடு பிளம்பிங், மின்சார ஒப்பந்ததாரர்களையும் இந்தக் கூட்டங்களில் உட்காரவையுங்கள். பிரீகாஸ்ட் நிறுவனத்தை மட்டும் அழைத்துவிட்டு இவர்களை மறந்துவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதன் பலன், புத்தம் புதிய கான்கிரீட் சுவரில் துளை போடும் இயந்திரத்தின் சத்தம். வாஸ்து பார்க்கும் வழக்கம் அறக்கட்டளையில் இருந்தால் அந்த நிபுணரும் அச்சு செய்வதற்கு முன்பே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

மூட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் முன்கூட்டி அழைப்பதால் வேகமும் சிக்கனமும் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். பாதுகாப்பைப் பற்றிப் பேசுவோர் குறைவு. 1968 மே 16 அன்று காலை, கிழக்கு லண்டனில் 22 மாடிகள் கொண்ட ரோனன் பாயின்ட் என்ற பிரீகாஸ்ட் குடியிருப்பின் 18-ஆம் தளத்தில் சமையல் எரிவாயு வெடித்தது. வெடிப்பு பெரிதல்ல, ஆனால் ஒரு சுவர்ப்பலகை வெளியே தள்ளப்பட்டதும், அதைத் தாங்கியும் அதனால் தாங்கப்பட்டும் நின்ற பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் விழுந்தது. நான்கு பேர் உயிரிழந்தனர். பிறகு வலுப்படுத்தப்பட்ட அந்தக் கட்டடத்தை 1986-இல் பிரித்தபோது, சாந்து நிரம்பியிருக்க வேண்டிய மூட்டுகள் சிலவற்றில் செய்தித்தாள் திணிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பலகைகளைப் பிணைத்து ஒரே கட்டடமாக நிறுத்துவது மூட்டுதான். அதைக் கணக்கிடுபவர் ஒருவராகவும், வார்ப்பவர் இன்னொருவராகவும், நிரப்புபவர் மூன்றாமவராகவும் இருந்து, அம்மூவரும் ஒருமுறைகூட ஒன்றாக உட்கார்ந்து பேசாமல் வேலை நடக்குமானால் அந்தக் கட்டடத்தை நான் நம்பமாட்டேன்.

உங்கள் ஊர், நிலநடுக்கத்தைத் தாங்கும் வடிவமைப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்பின்படி மூன்றாம் நிலநடுக்க மண்டலத்தில் இருக்கிறது. அதனால் தளப்பலகைகளின்மேல் வலைக்கம்பியுடன் கான்கிரீட் பூச்சு போட்டு அவற்றை ஒரே தகடுபோல இயங்கச் செய்வதும், சுவருக்கும் சுவருக்கும் இடையே கம்பித் தொடர்ச்சி தருவதும் கட்டாயம். முன்வார்ப்புக் கட்டடங்களுக்கான ஐ.எஸ். 15916, தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் 6-ஆம் பாகத்தின் 7-ஆம் பிரிவு ஆகிய இரண்டையும் வடிவமைப்புக் குறிப்பில் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். மூட்டு உட்பட முழுக் கட்டமைப்புக்கும் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்பவர் ஒரே பொறியாளராக இருக்க வேண்டும். நிறுவனத்தின் பொறியாளர் செய்த கணக்கை உங்கள் பொறியாளர் ஏற்றுக்கொண்டு கையெழுத்திட வேண்டும், அல்லது ஆட்சேபித்துத் திருத்த வேண்டும். இருவருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது பொறியாளரோ கல்வி நிறுவனமோ அதைச் சரிபார்ப்பது இன்னும் நல்லது.

அடித்தளத்தை உள்ளூர் ஒப்பந்ததாரரும் மேற்கட்டடத்தைப் பிரீகாஸ்ட் நிறுவனமும் செய்யும் ஏற்பாட்டில் மற்றொரு சிக்கல் உண்டு. அடித்தளத்திலிருந்து எழும் கம்பிகள், சுவரின் அடியிலுள்ள குழாய்களுக்குள் புக வேண்டும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு 50 மில்லிமீட்டர் குழாய் வைத்தால், ஒவ்வொரு பக்கமும் 17 மில்லிமீட்டருக்குமேல் பிசக இடமில்லை. நூல் பிடித்துக் கம்பி கட்டும் பழக்கத்தில் இந்தத் துல்லியம் தானாக வராது. எஃகுத் தகட்டில் துளையிட்ட மாதிரிச் சட்டம் வைத்துத்தான் கம்பிகளை நிறுத்த வேண்டும். அந்தச் சட்டத்தை யார் கொடுப்பது, கான்கிரீட் ஊற்றியபின் யார் அளந்து கையெழுத்திடுவது, பிசகினால் செலவு யாருடையது ஆகிய மூன்றையும் எழுத்தில் வையுங்கள். முடிந்தால் இரு வேலைகளுக்கும் பொறுப்பேற்கும் ஒரே ஒப்பந்ததாரரைத் தேடுங்கள்.

இப்போது அறங்காவலர்களின் தயக்கத்துக்கு வருகிறேன். அது நியாயமானது. இலவசமாக வந்து யோசனை சொல்லும் நிறுவனம் அந்தச் செலவைப் பிறகு விலையில் சேர்த்துக்கொள்ளும். அதோடு, வேறு யாராலும் செய்ய முடியாதபடி தன் முறைக்கு ஏற்றவாறு உங்கள் கட்டடத்தை வளைத்தும் வைத்துவிடும். ஆகவே இலவச யோசனையை ஏற்காதீர்கள். கட்டுமானத்துக்கு முந்தைய சேவைக்கென்று சிறு ஒப்பந்தம் ஒன்று போடுங்கள். பிரிட்டனில் புழங்கும் என்.இ.சி. 4 ஒப்பந்தப் படிவத்தில் ஒப்பந்ததாரரை முன்கூட்டி ஈடுபடுத்துவதற்கென்றே எக்ஸ் 22 என்ற விருப்பப் பிரிவு இருக்கிறது. உங்களுக்கு அவ்வளவு விரிவு தேவையில்லை, உங்கள் வழக்கறிஞர் சில பக்கங்களில் எழுதிவிடலாம். எத்தனை கூட்டங்கள், என்னென்ன வரைபடங்கள், எந்தத் தேதிக்குள், எவ்வளவு கட்டணம் என்பதும், அவ்வரைபடங்களைப் பயன்படுத்தும் உரிமை அறக்கட்டளைக்கே என்பதும், பணி வழங்கும் கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

உரிமை காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே சொந்தமான மூட்டு முறையில் வரைபடம் போட்டிருந்தால், விலகிய பின் அது குப்பைக்குத்தான். 1.2 மீட்டர் ஹாலோகோர் பலகை, குழாய்க்குள் கம்பியைச் செருகிச் சுருங்காத சாந்து நிரப்பும் மூட்டு போன்று பல தொழிற்சாலைகள் செய்யக்கூடியவற்றை மட்டும் பயன்படுத்தும்படி முதல் நாளே நிபந்தனை வையுங்கள். உங்களைக் காக்கப்போவது இந்த ஒரு வரிதான். விலையையும் மொத்தத் தொகையாக வாங்காமல், அச்சுக்குத் தனியாக, வார்ப்புக்குக் கன மீட்டர் கணக்கில், போக்குவரத்துக்கு நடைக் கணக்கில், பொருத்துவதற்குத் தனியாக என்று பிரித்து வாங்குங்கள். அதே கட்டடத்தை வழக்கமான முறையில் கட்டினால் ஆகும் செலவைப் பொதுப்பணித் துறை விலைப்பட்டியலை வைத்து ஒரு தனி மதிப்பீட்டாளரிடம் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், பேரம் பேசும்போது கையில் ஓர் அளவுகோல் இருக்கும். பிரீகாஸ்ட் எப்போதும் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள்; ஒரே அச்சில் எத்தனை முறை வார்க்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் செலவு அமைகிறது. 120 ஒரே மாதிரி அறைகள் அதற்கு ஏற்றவை. உணவுக்கூடம், முகப்பு, வார்டன் வீடு ஆகியவற்றையும் பிரீகாஸ்டில் செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அவற்றை வழக்கம்போலவே கட்டிக்கொள்ளலாம்.

பணம் கொடுக்கும் முறையையும் இப்போதே வங்கியோடு பேசுங்கள். அடித்தளம் முடிந்தால் இவ்வளவு, முதல் தளம் முடிந்தால் இவ்வளவு என்று கட்டும் இடத்தில் எழுந்த வேலையைப் பார்த்தே வங்கிகள் கடனை விடுவிக்கும். பிரீகாஸ்டில் அச்சுக்கு முன்பணம் தேவை. உங்கள் மனையில் ஒரு சுவர்கூட நிற்காத நாளில் தொழிற்சாலை முற்றத்தில் பெரும் மதிப்புள்ள பலகைகள் அடுக்கப்பட்டிருக்கும், அவற்றுக்கும் பில் வரும். அப்பலகைகளில் உங்கள் பெயரும் எண்ணும் இடப்பட்டு, உரிமை உங்களுக்கு மாற்றப்பட்டு, காப்பீடும் செய்யப்பட்டால்தான் பணம் என்று எழுதுங்கள். முன்பணத்துக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள்.

நேரில் பார்க்க விரும்பினால் சென்னை பெரும்பாக்கத்துக்கு ஆர்க்கிடெக்டையும் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் லைட் ஹவுஸ் திட்டத்தில் ஆறு நகரங்களுக்கு ஆறு வெவ்வேறு கட்டுமான முறைகள் முதலிலேயே தீர்மானிக்கப்பட்டன; சென்னைக்கு அமைந்தது பிரீகாஸ்ட். 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2022 மே 26 அன்று 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. கொரோனா இரண்டாம் அலையும் இடையில் வந்து போனது. சிங்கப்பூரில் இன்னும் ஒருபடி மேலே போய், 2014 முதல் அரசு விற்கும் சில மனைகளுக்கு அறைகளையே முழுதாகச் செய்து அடுக்கும் முறையை விற்பனை நிபந்தனையாகவே வைத்திருக்கிறார்கள். மனை வாங்கும்போதே முறை முடிவாகிவிடுவதால், கட்டுபவரை எப்போது அழைப்பது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. பெரும்பாக்கத்தில் உங்கள் ஆர்க்கிடெக்ட் மூட்டுகளையும் ஜன்னல் ஓரங்களையும் பார்க்கட்டும். தன் சுதந்திரம் பறிபோகிறது என்ற கவலை அவருக்கு இருந்தால், எது மாறாமல் இருக்க வேண்டும், எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதை அவரே முதலில் எழுதிக் கொடுக்கட்டும். கூட்டங்களை நடத்துபவரும் அவராகவே இருக்க வேண்டும். நிறுவனம் அவருக்கு யோசனை சொல்லலாம், உத்தரவிடக் கூடாது.

தணிக்கைக்கு: அரசுத் துறைகளைக் கட்டுப்படுத்தும் 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்) வெளிப்படைச் சட்டம் தனியார் அறக்கட்டளையின் சொந்த நிதிக்கு நேரடியாகப் பொருந்தாது; அரசு மானியம் கலந்திருந்தால் அதன் நிபந்தனைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். எப்படியாயினும் மூன்று நிறுவனங்களையாவது அழைத்து, முடித்த வேலைகள், தொழிற்சாலையின் தொலைவு, அனுப்பப்போகும் பொறியாளரின் அனுபவம், யோசனைக் கட்டணம், அச்சு-வார்ப்பு-பொருத்தலுக்கான உத்தேச விலை விகிதங்கள் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுங்கள். போட்டி இங்கேயே நடந்துவிடுகிறது. இரண்டாம் கட்டத்தில், அதாவது கட்டும் வேலையைக் கொடுக்கும்போது, விலை இறுதியாகையில் அந்த விகிதங்களை அவர்கள் மீறினால் காரணம் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. மதிப்பெண் அட்டவணையை அறங்காவலர் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் சேர்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

காலக் கணக்கில் ஓர் எச்சரிக்கை. பொருத்தும் வேலை வேகமாக நடக்கும்; ஆனால் முதல் சுவரை வார்ப்பதற்கு முன் ஒவ்வொரு பலகைக்கும் தனி வரைபடம் போட்டு, ஒப்புதல் பெற்று, அச்சும் செய்ய வேண்டும், இதற்கே இரண்டு மூன்று மாதங்கள் போய்விடும். விடுதி திறக்க வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, வடிவமைப்பை இறுதி செய்ய வேண்டிய நாளை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திட்ட அனுமதிக்கு விண்ணப்பிப்பதும் அளவுகள் திருத்தப்பட்ட பிறகே இருக்கட்டும். அந்த நாளுக்குள் அறங்காவலர்களால் முடிவெடுக்க முடியாது என்று உங்களுக்கே தோன்றினால், பிரீகாஸ்டை விட்டுவிட்டு வழக்கமான முறையிலேயே கட்டி, ஒரு கல்வியாண்டு தாமதமாகத் திறப்பதுதான் செலவு குறைந்த வழி.